மனைவி கையில் மரண ஊசி!

"ஹலோ... நான்தான்யா! என்னைக் கொல்லப் பாக்கறாங்க!"

ஓய்வு பெற்ற க்ரைம் இன்ஸ்பெக்டர் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு போனில் கிசுகிசுத்தார்.

மறுமுனையில் அவருடைய பழைய சப்-இன்ஸ்பெக்டர். "யாரு சார்?"

"என் பொண்டாட்டி!"

"இவ்வளவு லேட்டாவா சார்?"

"சிரிக்காதய்யா! ஈரல் கெட்டு, வயித்துல தண்ணி கோத்து, போன மாசம்தான் ஊசி குத்தி வடிச்சாங்க. ஈரல் கெட்டவனுக்கு ரத்தம் வந்தா லேசுல நிக்காது. இவ என்னடான்னா தினம் தொடையில ஊசி போடறா. டப்பாவைப் படிச்சேன்... ரத்தம் உறையாம தடுக்கற மருந்து!"

"டாக்டர் எழுதினதா இருக்கும் சார்..."

"போன வாரம் போன்ல குசுகுசுன்னு சொல்றா... 'இன்னும் கொஞ்ச நாள் ஊசி, அதோட முடிஞ்சுது. அவருக்குத் தெரிய வேண்டாம்'னு!"

"ஐயையோ! அப்புறம்?"

"அன்னிலேருந்து நானே போட்டுக்கறேன்னு வாங்கி, தினம் வாஷ்பேசின்ல பீச்சிடறேன். யார்கிட்ட!"

மீசையை முறுக்கினார். கண்ணாடியில் மீசையைவிட வயிறுதான் கம்பீரமாகத் தெரிந்தது.

திரும்பினார்.

இடது கால் கல்லாய்க் கனத்தது! வீங்கியிருந்தது! மூச்சு... வரவில்லை!

"வேற வழியில... விஷம்... வச்சுட்டா..."

தடால்!

சத்தம் கேட்டு, கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தது... அந்தக் 'கொலைகாரி'தான்!

ஆஸ்பத்திரி. மூக்கில் ஆக்ஸிஜன்.

டாக்டர் சலித்துக்கொண்டார். "ஈரல் கெட்டா ரத்தம் ஒழுகவும் ஒழுகும், உறையவும் உறையும் சார். உங்க ஈரலுக்குப் போற குழாய்லயே ரத்தம் கட்டியிருந்துச்சு. அதுக்குத்தான் ஊசி. நீங்க நிறுத்தினதும் கால்ல ஒண்ணு கட்டி, நுரையீரலுக்குப் போயிடுச்சு. அம்மா கொஞ்சம் அசந்திருந்தா..."

"அப்ப... அந்த போன்?"

"டாக்டர்கிட்டதாங்க பேசினேன்" என்றாள் மனைவி. "ஊசி முடிஞ்சதும் மாத்திரைன்னாரு. உங்ககிட்ட சொன்னா அன்னிக்கே ஊசியை நிறுத்திடுவீங்களே!"

அவருக்கு ஆக்ஸிஜனே கசந்தது. மெல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

போனில் 'தடால்' கேட்டு ஓடி வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கொலை முயற்சி நிஜம்தான் சார். குற்றவாளியும் சிக்கிட்டான். உங்க முப்பது வருஷ சர்வீஸ்ல நீங்க பிடிச்ச முதல் ஆளு!"

மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"இவர் எங்கே பிடிச்சாரு? அவனே வந்து விழுந்தான்!"