காலி செய்த தீவு

முந்தின நாளே காலி செய்துவிட்ட தீவிலிருந்து அழைப்பு வந்தது.

சிந்தியா அதை லைன் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெங்களூர் காக்ஸ் டவுன் முழுக்க மழை, ஆபீசில் அவள் மட்டும். கடல் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகளில் உள்ள ராணுவ முகாம்களுக்கு விமானம் ஏற்பாடு செய்வது அவள் வேலை. புயல் வருகிறதென்று வடக்குத் தீவு முகாமை மூடி, ஜவான்கள் அத்தனை பேரையும் நேற்றே கிளப்பியாகிவிட்டது. இப்போது சாட்டிலைட் போனில் அங்கிருந்து யாரோ மூச்சுவிட்டார்கள், ஈரத்துணியைப் பிழிவதுபோல, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு ஒரு குரல் விமானம் அனுப்பச் சொன்னது.

மேனேஜர் ரவிக்குமாருக்கு போன் செய்தாள். எல்லாரும் வந்துவிட்டார்களே என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

“ஆளை அங்கயே விட்டுட்டு என்கிட்ட கேக்கறியா? போய் எடுக்கச் சொல்லு. உயிர் போச்சுன்னா நீதான் ஜவாப்.”

பக்கத்துத் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கேப்டன் சிவசங்கரனின் விமானத்தை அங்கே திருப்பினாள். காத்திருந்தாள். ஜன்னல்கள் மூடியிருந்தும் அறைக்குள் அழுகிய கடற்பாசி வாடை அடித்தது. பெங்களூரில், கடலே இல்லாத ஊரில், அவள் உதட்டில் உப்புக் கரித்தது.

ரேடியோ ஸ்பீக்கரில் கேப்டனின் குரல் கரகரத்தது. “மேடம், ரன்வேல ஆளுங்க நிக்கறாங்க.”

“எத்தனை பேர் சார்?”

“ரெண்டு பக்கமும்... கடைசி வரைக்கும். ஒருத்தரும் அசையல.”

“இறங்காதீங்க. திரும்பிடுங்க.”

“இப்பதானே இறங்கச் சொன்னீங்க?”

அவள் சொல்லவில்லை.

“இறங்குங்க சார்,” என்றது ஸ்பீக்கர். பெண் குரல். அவளுடைய குரல். காலையில் பிடித்த ஜலதோஷத்தின் கம்மல்கூட அப்படியே இருந்தது. “பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

கத்தினாள். வேண்டாம் என்றாள். பெயர் சொல்லி அழைத்தாள். அவள் பேச்சு எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்பீக்கரில் சக்கரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. இன்ஜின் அடங்கியது. காற்று. பிறகு அதுவும் இல்லை.

வெறுங்கால்கள். ஈரமானவை. பல.

“கதவைத் திறங்க சார்,” என்றது அவள் குரல்.

“சரி மேடம்.”

சிந்தியா இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் அவள் குரல், ஒவ்வொருவராக உள்ளே ஏறச் சொல்லிக்கொண்டிருந்தது.