விலை ஏறாத கடை

தொலைபேசி அலறியது.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் தன் மேசையில் மருந்து விலை வரைபடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த முனவ்வறா எடுத்தாள். மறுமுனையில் தங்கை றஹீமாவின் கணவன் பஸால்.

“ராத்தா... றஹீமா கண்ண முழிக்கிறா இல்ல. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஆஸ்பத்திரியில நிக்கம்.”

“இன்சுலின் போட்டயா?”

“நானேதானே போடுறன். நேத்தும் போட்டன், இண்டைக்கும் போட்டன்.”

“எந்தக் கடை மருந்து?”

“நீங்க சொன்ன கடைதான். கல்முனைக் கச்சிமுகம்மது காக்காட கடை.”

முனவ்வறா வரைபடத்தில் அந்தக் கடையின் கோட்டைத் தேடினாள்.

அவள் சுகாதாரப் பொருளியல் விரிவுரையாளர். மருந்து விலை ஏன் ஏறுகிறது, ஏறினால் யார் சாகிறார் என்பதுதான் அவள் ஆய்வு. அது 2009இன் தொடக்கம். வன்னியில் சண்டை கடைசிக் கட்டம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் லொறியை மறித்துச் சாமான் இறக்குவார்கள். இன்சுலின் வெயில் பட்டால் கெடும். கெட்டதன் நட்டத்தை வியாபாரி கெடாததன் மேல் ஏற்றுவான். கரையோரம் முழுக்க விலை இரு மடங்கு.

ஒரே ஒரு கடையில் மட்டும் ஏறவில்லை.

அதைக் கடைக்காரரின் நாணயம் என்று ஆய்வில் எழுதினாள். தங்கையை அங்கேதான் வாங்கச் சொன்னாள்.

செலவு ஏறியும் விலை ஏறவில்லை என்றால்... போத்தலுக்குள் என்ன குறைந்தது?

பழக்கமான ஓட்டோக்காரன் றஸாக்கின் வண்டியில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

வார்டில் றஹீமாவின் மூச்சில் அழுகிய பழ வாடை. கட்டிலடியில் பஸால், ஒரு சிவப்பு பிளாஸ்க்கை அணைத்தபடி.

“சீனி மீட்டர்ல அளக்க ஏலாத அளவுக்கு ஏறிட்டுது, மிஸ்” என்றாள் டொக்டர் கேசினி. “சேலைன் ஓடுது. இன்சுலின் இல்லாம இவ தாங்கமாட்டா.”

“இங்க இல்லையா?”

“முடிஞ்சுது. லொறி சாவடியில நிக்குது. எந்த வகையெண்டாலும் பரவால்ல, பொழுதுபட முந்திக் கொண்டு வாங்க.”

முனவ்வறா பஸாலைப் பார்த்தாள். “நீ தேடல்லையா?”

“எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டன், ராத்தா. ஒரு சொட்டு இல்ல. இவ முழிச்சா குடிக்கக் குடுப்பமெண்டு சுடுதண்ணியோட நிக்கன்.”

றஹீமாவின் கைப்பையில் பாதி தீர்ந்த போத்தல் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கடையில் கச்சிமுகம்மது மட்டும் இருந்தார். போத்தலை அவர் முன்னால் வைத்தாள்.

“இதுக்குள்ள என்னத்த ஊத்தி வித்த நீங்க?”

அவர் கோபப்படவில்லை. போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது கலங்கல் மருந்து, மகள். உருட்டினா பால் மாதிரி வரணும். வருதா?”

வரவில்லை. கண்ணாடி போலத் தெளிந்து நின்றது.

“போத்தல் என்ட கடைப் போத்தல்தான். உள்ளுக்க இரிக்கிறது தண்ணி.”

“அப்ப ஒங்கட விலை மட்டும் ஏன் ஏறல்ல?”

“நான் லொறியப் பாத்து நிக்கிறல்ல. ஐஸ் பெட்டிய மடியில வெச்சிட்டு நானே கொழும்பு பஸ்ஸுல போய் வாறன். பஸ் டிக்கெட்டுக்கு எவ்வளவு ஏத்துற?” குரல் தாழ்ந்தது. “சுனாமியில பழைய கடையக் கடல் கொண்டு போன நேரம், என்ட பொஞ்சாதி இன்சுலின் இல்லாமத்தான் முகாம்ல மவுத்தானா.”

கல்லாவுக்கடியில் இருந்த வெறும் போத்தல் பெட்டியைக் காட்டினார்.

“வெறும் போத்தலத் தந்தாத்தான் முழுப் போத்தல் குடுப்பன். பதுக்கிறவன்ட கையில வெறும் போத்தல் இரிக்காதே.”

நல்ல விதி. ஆனால் ஒரு ஓட்டை...

“காக்கா, இதே போத்தல் அக்கரைப்பற்றுல ரெண்டு மடங்கு. ஒரு சாமானுக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு விலையெண்டா, நடுவுல ஒருத்தன் ஓடுவான். முழுப் போத்தல அங்க வித்து, வாங்கினவன்ட வெறும் போத்தல இங்க கொண்டு வருவான். அப்பிடி அடிக்கடி வாறது ஆரு?”

அவர் கல்லாப் புத்தகத்தைப் புரட்டி மூடினார்.

“சொல்லுங்க, காக்கா. என்ட தங்கச்சி சாகக் கிடக்கா.”

“ஒங்கட மச்சான் பஸால்தான். டொக்டர் அளவக் கூட்டிட்டாரெண்டு சொன்னார். கடைசிப் போத்தலும் இண்டைக்குக் காலையில அவர்தான் எடுத்த.”

முனவ்வறா போத்தலைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். கூட ஒன்று விற்கலாம் என்று றஹீமாவின் பங்கையும் விற்று, அவளுக்குத் தண்ணீரை ஏற்றியிருக்கிறான்.

நேரே கேட்டால் இல்லை என்பான். பயந்தால் சாக்கடைக் கானுக்குள் வீசிவிடுவான்.

வாசலில் நின்ற றஸாக் எட்டிப் பார்த்தான். “என்ட ஊர் அக்கரைப்பற்றுதான், மிஸ். வாங்குற ஆள் மாதிரி நான் கதைக்கவா?”

“கதை. விலை பேசாத. கேட்டதக் குடுக்கிறனெண்டு சொல்லு.”

றஸாக்கின் போனில் பஸாலின் நம்பரை அவளே அழுத்தினாள்.

“காக்கா, உம்மாக்கு ஏலாமக் கிடக்கு. இன்சுலின் ஒங்களிட்ட இரிக்காம். ஆஸ்பத்திரி கேட்டடிக்கு வாறன்” என்றான் றஸாக்.

மறுமுனையில் கதவு திறந்து மூடும் சத்தம்.

“இப்ப மூணு மடங்கு” என்றான் பஸால்.

“ஓம்.”

“வாங்க.”

ஆஸ்பத்திரி வாயிலருகே ஓட்டோ நின்றது. பஸால் வந்தான், அதே சிவப்பு பிளாஸ்க்கோடு. இரு பக்கமும் பார்த்துவிட்டு மூடியைத் திருகினான்.

ஆவி வரவில்லை. உள்ளே ஐஸ்கட்டி. ஐஸுக்கு நடுவே முழுப் போத்தல்!

இவ்வளவு நேரமும்... றஹீமாவின் கட்டிலடியில்.

பின்சீற்றிலிருந்து பாய்ந்த கை பிளாஸ்க்கைப் பறித்தது. பஸால் திரும்பி ஓடப் பார்த்தான். றஸாக் அவன் கழுத்துப்பட்டியைக் கொத்தாகப் பிடித்தான். முனவ்வறா செருப்பை விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டு வெகுநேரம் கழித்து, றஹீமாவின் விரல்கள் மெல்ல அசைந்தன. கேசினி முதன்முதலாகச் சிரித்தாள்.

வாயிலருகே பொலிஸ் ஜீப்பில் பஸால் குந்தியிருந்தான்.

“நாளைக்குக் காக்கா புதுசு கொண்டு வருவாரெண்டுதான் ராத்தா நெனச்ச... ஒரு நாள் ரெண்டு நாள்தானே எண்டு...” உதடு காய்ந்து ஒட்டியது. “கொஞ்சம் தண்ணி தாங்களன்.”

முனவ்வறா கைப்பையிலிருந்து அந்தத் தெளிந்த போத்தலை எடுத்து, ஜீப் வெளிச்சத்தில் அவன் கண்முன்னே உருட்டினாள்.

“சுத்தமான தண்ணிதான், மச்சான். ஆனா அக்கரைப்பற்று விலை!”