ஈர அரிசி

இடவப்பாதிப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் நேசையன் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். தோள்பையைக் குடைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு அக்ரஹாரத் தெருவுக்குள் நடந்தான். பையில் இரண்டு கேமராக்களும் ஒரு சுருள் கேபிளும் இருந்தன.

அது 2007. தம்பானூரில் மைதீன் நடத்திவந்த கடையில் அவனுக்கு வேலை. கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று அப்போதெல்லாம் நகைக்கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும்தான் வருவார்கள். வீட்டுக்கு, அதுவும் படுக்கையறைக்கு, யாரும் கேட்டதில்லை.

கதவைத் திறந்த சூடாமணி அரசாங்க ஆபீசில் வேலை பார்ப்பவள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். பல நாள் தூங்காத கண்கள்.

"சீக்கிரம் மாட்டிடுங்கோ. சுஜாவை மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்கேன். அவ வந்து கேட்டா, திருட்டு பயத்துக்காகன்னு சொல்லுங்கோ."

சுஜா அந்த வீட்டின் ஹோம் நர்ஸ், மலையாளப் பெண். உள்ளறையில், இரும்புக் கட்டிலில் சூடாமணியின் கணவர் கல்யாணராமன் கிடந்தார். பக்கவாதம் வந்து கைகாலும் பேச்சும் போய்விட்டிருந்தன. மூக்கு வழியாக ஒரு குழாய். அறை முழுக்க டெட்டால் வாடை. அவர் உடம்பில் அசைந்தவை கண்கள் மட்டும்தான்.

"வாய் வழியா ஒரு சொட்டு ஜலம்கூடக் குடுக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றாள் சூடாமணி. "முழுங்க முடியாது. நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஆனா தினம் ஆபீஸ்லேர்ந்து வந்து வாயைத் துடைச்சா, உள்ள அரிசி. பச்சரிசி. ஊறவெச்ச மாதிரி ஈரமா."

"யாரு மாமி கொடுக்கா?"

"பகல்ல இந்த ஆத்துல அவளைத் தவிர வேற யாரு?"

கட்டிலை முழுவதும் பார்க்கிற மாதிரி ஒரு கேமராவைச் சுவர் மூலையில் பொருத்தினான். இன்னொன்றைக் கூடத்தில் வைத்தான். பதிவு செய்யும் பெட்டியும் மானிட்டரும் கூடத்து அலமாரிக்குள். ஏணியிலிருந்து இறங்கும்போது பெரியவரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. கட்டிலின் இடப்பக்கம், ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்காமல்.

மறுநாள் சூடாமணி கடைக்கு போன் செய்தாள். படத்தில் ஏதோ கறை இருக்கிறதாம்.

நேசையன் போனபோது அவள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மானிட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுஜா அழுது சிவந்த முகத்துடன் நின்றாள். முந்தின நாள் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். சுஜா ஜன்னலோரம் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டினாள், குழாயில் கஞ்சி விட்டாள், துணி மடித்தாள். ஒருமுறைகூட அவர் வாயருகே கை கொண்டுபோகவில்லை.

ஆனால் கட்டிலின் இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். மதியம் முழுவதும் அங்கேயே நின்றது. இப்போது ஓடுகிற நேரடிப் படத்திலும் அது நின்றது.

"லென்ஸ்ல ஈரம் கட்டியிருக்கும் மாமி. துடைச்சா போயிரும்."

துடைத்தான். தீற்றலுக்குத் தோள் வந்தது.

அடாப்டரை மாற்றினான். படத்தின் நடுக்கம் நின்றது. தோளின் மேல் தலை தெரிந்தது.

கரண்ட் வயரை ஒட்டிப் போன கேபிளைப் பிடுங்கி, வேறு வழியாகப் புதிதாக இழுத்தான். பழைய வீடுகளில் இப்படித்தான் படம் கெடும், நூறு இடத்தில் பார்த்திருக்கிறான். கேபிளைச் சொருகிவிட்டு மானிட்டரைப் பார்த்தவன் கையை எடுக்க மறந்தான்.

முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நனைந்த தலைமுடி முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இடது கையில் ஒரு கிண்ணம்.

அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

கட்டில். பெரியவர். வேறு யாரும் இல்லை.

உள்ளறைக் கேமராவைக் கழற்றிக் கூடத்திலும், கூடத்துக் கேமராவை உள்ளேயும் மாட்டினான். கூடம் சுத்தமாகத் தெரிந்தது. உள்ளே அவள் அப்படியே நின்றாள். கேமராவிலும் குற்றமில்லை, கேபிளிலும் குற்றமில்லை. பழுதைச் சரிசெய்யச் சரிசெய்ய அவள்தான் தெளிவாகிக்கொண்டே வந்தாள்.

சுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தியமா நான் கண்டிட்டில்ல மேடம். உச்சை கழிஞ்சா, மதியத்துக்கு மேல, அரிசி நனைச்ச மணம் மட்டும் வரும். அடுக்களையில இருந்தாக்கும்னு நெனச்சேன்." செருப்பைக்கூடத் தேடாமல் மழையில் இறங்கினாள்.

திரையில் அந்தப் பெண் குனிந்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பெரியவரின் வாயருகே கொண்டுபோனாள். பரிவோடுதான் கொண்டுபோனாள், பிள்ளைக்கு ஊட்டுவதுபோல.

"உயிரோட இருக்கறவருக்கு..." சூடாமணியின் குரல் உடைந்தது. "உயிரோட இருக்கறவருக்கு யாராவது வாய்க்கரிசி போடுவாளா?"

அவள் உள்ளே ஓடினாள். கணவரின் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினாள். விரலோடு வெள்ளையாக அரிசி வந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி துழாவினாள். மறுபடியும் வந்தது.

"மாமி, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. ஐயாவை இங்கேருந்து கொண்டுபோயிரலாம்."

போன் செய்தார்கள். பழவங்காடி வரை தண்ணீர் நிற்கிறது, வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். அதுவரை அந்த அறையில் அவரை வைத்திருக்க வேண்டாம் என்று கட்டிலை இருவருமாகக் கூடத்துக்குத் தள்ளினார்கள். சக்கரம் வாசற்படியில் சிக்கியது. நேசையன் மூச்சைப் பிடித்துத் தூக்கினான்.

மானிட்டரில் உள்ளறை காலியாக இருந்தது.

கட்டில் இல்லை. அவளும் இல்லை.

"போயிட்டா," என்றாள் சூடாமணி. கணவரின் நெற்றியைத் தடவினாள். "போயிட்டா, கேட்டேளா? இனி ஒண்ணுமில்லை."

பெரியவரின் கண்கள் இடப்பக்கம் திரும்பின.

நேசையன் திரையைப் பார்த்தான். கூடத்துப் படத்தில் சூடாமணி கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, கட்டிலுக்கு அந்தப் பக்கம், கிண்ணத்தோடு அந்தப் பெண் நின்றாள்.

"மாமி, வாயை மூடுங்க! ஐயா வாயை மூடுங்க!"

சூடாமணி இரண்டு உள்ளங்கைகளாலும் கணவரின் வாயைப் பொத்தினாள். திரையில் அந்தக் கை பாதி வழியில் நின்றது. காத்திருந்தது. நேசையன் மனசுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டான். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஊறிய அரிசியின் புளித்த மணம் கூடத்தில் ஏறியது.

அந்தக் கை சூடாமணியின் கைகள் மேல் மெல்லப் படிந்தது.

சூடாமணி வீறிட்டாள்.

"கைக்கு அடியில வரதே! உள்ளேர்ந்து வரதே, நேசையன்!"

அவள் கைகளை எடுத்தபோது பெரியவரின் வாய் பொங்கி வழிந்தது. இருமினார். இருமல் உள்ளே போய் அடைத்தது. நேசையன் அவரைப் புரட்டி முதுகில் தட்டினான். சூடாமணி அள்ளி அள்ளி வெளியே போட்டாள். தரையெல்லாம் வெள்ளை. வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அந்தக் கண்கள் அசைவதை நிறுத்தியிருந்தன.

"யார் இவருக்கு அரிசி கொடுத்தது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபமாகக் கேட்டார். பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று நேசையன் மட்டும் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தான். அதில் பழைய தீற்றல்கூட இல்லை; சூடாமணியும் பெரியவரும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள். ஒரு பெண் தன் கணவரின் வாயை இரண்டு கைகளாலும் அழுத்திப் பொத்துகிறாள். அவர் மூச்சுத் திணறிச் சாகிறார். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அதை அவனே அழித்தான்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின், கேமராக்களைக் கழற்றி எடுத்து வரச்சொல்லி மைதீன் அனுப்பினார். போக மனமில்லாமல் போனான். வெயில் அடித்த மதியம். கதவு சாத்தியிருக்கவில்லை.

சூடாமணி மானிட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அங்கேயே இருக்கிறாளோ, தலை வாரப்படவில்லை, பக்கத்தில் காபி ஆடை கட்டி ஆறியிருந்தது. நேசையன் உள்ளறையைப் பார்த்தான். கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் தரை, வெறும் சுவர்.

"கழற்ற வேண்டாம்," என்றாள் அவள், திரும்பாமல். "இங்க வந்து பாருங்கோ."

பார்த்தான்.

திரையில் கட்டில் இருந்தது. கல்யாணராமன் அதில் கிடந்தார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று ஒரு பிடி அள்ளினாள், ஊட்டினாள். அவர் இருமினார், துடித்தார், அடங்கினார். மெல்லக் கண் திறந்தார். அவள் மறுபடி அள்ளினாள்.

"தீ வெச்சாச்சு. அஸ்தி கரைச்சாச்சு. பதிமூணும் ஆச்சு," என்றாள் சூடாமணி. "இன்னும் விடலையே அவ."

"மாமி, இதை ஆஃப் பண்ணிட்டு எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருங்க."

"நான் பாக்கலேன்னா அவர் தனியாப் போயிடுவாரே." அவள் திரையில் விரல் வைத்தாள். "நடுவுல என்னமோ சொல்றார். உதடு அசையறது. பேச்சுப் போனப்புறம் இப்பத்தான் பேசறார். இதுல சத்தம் வராதா?"

ஒரு சின்ன மைக் போதும். அவன் பையிலேயே இருந்தது.

"இந்த மாடல்ல சத்தம் வராது மாமி."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். நேசையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். கால் உள்ளறையைத் தாண்டும்போது அங்கிருந்து ஒரு இருமல் கேட்டது.

மூச்சு முட்டி, அடங்கிப்போகிற இருமல்.

சூடாமணி சட்டென்று நிமிர்ந்தாள். "கேட்டுதா உங்களுக்கு?"

"இல்ல மாமி."

வெறும் அறைக்குள், தண்ணீரில் கை விட்டு யாரோ அடுத்த பிடியை அள்ளினார்கள்.