லாமா என்று எழுதிய பெட்டி

“காது ஒரு சக்தியா?” என்று கேட்டாள் தாமரை. “உனக்குக் காது இருக்கு, எனக்கும் இருக்கு, கேன்டீன் பூனைக்கும் இருக்கு. படத்துல கேப்டன் முயலுக்குக் கண்ணுல லேசர் குடுத்தாங்க பாரு, அதுதான் சக்தி.”

பிரவின் பள்ளிப் பையைத் தரையில் வைத்தான். அவன் பையைக் கீழே வைத்தால், பேச நிறைய இருக்கிறது என்று பொருள்.

“படத்தைக் கெடுத்ததே அந்த லேசர்தான். புத்தகத்துல கேப்டன் முயல் ஒரு பயந்தாங்கொள்ளி. ஊர்ல எங்க சத்தம் வந்தாலும் அவருக்குக் கேக்கும். அதனாலதான் எப்பவும் நடுங்கிட்டே இருப்பாரு. படத்துல அவர் முடியை வாரிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வராரு லா!”

“டிவி தொடர் இன்னும் மோசம். முயல் உடையைப் போடறதுக்குள்ள பாதித் தொடர் முடிஞ்சு போச்சு.”

இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

இருவரும் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே வகுப்பில் படிப்பவர்கள். இருவரும் படக்கதைப் புத்தகங்கள் சேர்ப்பவர்கள். ஆனால் சேர்க்கும் விதம் வேறு. பிரவின் ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பின்னால் அட்டை வைத்து, ஒட்டி வைப்பான். தாமரையின் புத்தகங்கள் தலையணைக்கு அடியிலும், சாப்பாட்டு மேசையிலும், ஒருமுறை பிரிட்ஜுக்குள்ளும் கிடந்திருக்கின்றன.

“முதல் இதழைப் படிச்சா நீ இப்படிப் பேச மாட்டே,” என்றான் பிரவின்.

“குடு, படிக்கிறேன்.”

பிரவின் யோசித்தான். கேப்டன் முயலின் முதல் இதழ் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அவனும் அவன் அப்பாவும் பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடைக்கு ரயிலேறிப் போய்ப் போய்த் தேடி, கடைசியில் மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்தது. அவனுடைய மற்ற எல்லாப் புத்தகங்களும் போனாலும் அவன் அழமாட்டான். அது போனால் அழுவான்.

“நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்குவேன்,” என்றான் கடைசியில். “கையைக் கழுவிட்டுத் தொடணும். துடைச்சிட்டுத் தொடணும். முறுக்கு தின்னுட்டே படிக்கக்கூடாது.”

“சரி லா, பாஸ்.”

அதனால்தான் தாமரை அந்த வெள்ளி இரவு அதைத் திறக்கவே இல்லை. வீட்டில் தீபாவளி முறுக்கு வாசனை. சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, நிதானமாகப் படிப்பது என்று முடிவு செய்தாள்.

புத்தகம் பத்திரமாக இருக்க வேண்டுமே! தாமரை இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்தாள். புதிய புத்தகங்களை ஒன்றில் போட்டு, ‘பாரு’ என்று எழுதினாள். மலாயில் பாரு என்றால் புதியது. கடையில் கிடைக்காத பழைய இதழ்களை இன்னொன்றில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே கேப்டன் முயலை வைத்தாள். அந்தப் பெட்டிமேல் ‘லாமா’ என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதினாள். லாமா என்றால் பழையது. அவளும் பிரவினும் பேசிக்கொள்ளும்போது அதைவிட உயர்ந்த சொல் கிடையாது. “இது லாமாவா?” என்று ஒருவர் கேட்டால், மற்றவருக்கு மார்பு நிமிரும்.

பெட்டியைக் கதவோரம், யார் காலும் படாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்கினாள்.

சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்தபோது, கதவோரம் ‘பாரு’ மட்டும் இருந்தது.

“மா! இங்க இருந்த பெட்டி எங்க?”

அம்மா அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். “பேப்பர் லாமா லோரி வந்துச்சு. குடுத்துட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கத்திக் கத்தி உன்னைச் சுத்தம் பண்ண வைக்கணும். இந்த வருஷம் நீயே பிரிச்சு, பேரும் எழுதி வச்சிருந்தே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

தாமரை காலியான கதவோரத்தை மறுபடி பார்த்தாள்.

பேப்பர் லாமா லோரியைத் தெரியாதவர் அந்த அடுக்குமாடியில் இல்லை. “பேப்பர் லாமா… பேப்பர் லாமா…” என்று ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டே மெதுவாக வரும். பழைய செய்தித்தாள், உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த இரும்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகும். போன பேப்பர் திரும்பி வந்ததில்லை. ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும்.

“மா, அதுல பிரவினோட புத்தகம் இருந்துச்சு.”

அம்மாவின் கை நின்றது. “ஐயையோ. லாமான்னு எழுதியிருந்தியே!”

“லாமான்னா நல்லதும்மா!”

“எந்த ஊர்ல?”

தாமரை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா அடுப்பை அணைத்தார். “சரி, அழாதே. பிரவின் அம்மாகிட்ட நான் பேசுறேன். கடையில வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்.”

“கடையில கிடைக்காதும்மா.”

பிரவின் சாயங்காலம் வருவான். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா? அவன் நாளை வருவான். நாளையும் காய்ச்சல் என்றால் பழத்தோடு வருவான். அது இன்னும் மோசம்.

“லோரி போய் ரொம்ப நேரம் ஆச்சா?”

“இப்பத்தான். எந்தப் பக்கம் போச்சுன்னுதான் தெரியல.”

தாமரை படிகளில் ஓடினாள், கீழே அல்ல, மேலே. மேல்மாடி நடைவழியில் யாரோ காயப்போட்டிருந்த கைலிகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தாள். கூரைகள், மரங்கள், சாலைகள். எங்கும் லோரிகள். எல்லா லோரியும் ஒரே மாதிரி இருந்தன.

பார்த்துப் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் அவளுடைய இதயம்தான் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டு குக்கர் விசில். கடைத்தெருவில் தீபாவளி விற்பனைக்குப் போட்ட பாட்டு. ரயில் ஹாரன். எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் வந்து முட்டின. கைகள் நடுங்கின. ஒவ்வொரு சத்தமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். ரயில், நீ இல்லை. பாட்டு, நீயும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில், கொசு பாடுவதுபோல, ஒரு குரல். “…ர் லாமா…”

“மா! மார்க்கெட் பக்கம்!”

அம்மா வீட்டுச் சட்டையோடும் கையில் ஒட்டிய மாவோடும் காரை எடுத்தார். அது பழைய கார். ஓடினால் வேறு எதுவும் கேட்காது.

“மா, எஞ்சினை நிறுத்துங்க!”

“நடு ரோட்லயா?”

“கேக்கலம்மா!”

அம்மா நிறுத்தினார். தாமரை ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டாள். “இடது பக்கம்!” கார் கிளம்பியது. அடுத்த முனையில் மீண்டும் நிறுத்தினார். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

“ஆன்டி, காரு கெட்டுப் போச்சா?”

“இல்ல தம்பி, சத்தம் கேக்குறோம்,” என்றார் அம்மா.

அவர் ஒன்றும் புரியாமல் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசியில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஒரு பீசாங் கோரெங் வண்டிக்கு அருகே லோரி நின்றிருந்தது. லோரிக்காரர் கமலநாதன் செய்தித்தாள் கட்டுகளைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

“அங்கிள்! லாமான்னு எழுதின பெட்டி…”

“எல்லாமே லாமாதானே, மா,” என்றார் அவர். ஆனால் தாமரையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே ஏறினார். சிவப்பு எழுத்துப் பெட்டி வெளியே வந்தது. மூடி திறந்திருந்தது.

தாமரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுடைய புத்தகங்கள் எல்லாம் இருந்தன. கேப்டன் முயல் இல்லை.

இன்னொரு முறை பார்த்தாள். இல்லை.

“அக்கா, நான் வழியில எங்கயும் இறக்கல,” என்று கமலநாதன் அம்மாவிடம் சொன்னார். “கீழ விழுந்திருக்குமோ என்னவோ.”

தாமரை வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள். கிள்ளான் சாலைகளில் அவ்வளவு லோரிகளின் சக்கரங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய புத்தகம். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். க்ளுக்.

யாரோ அடக்கிச் சிரிக்கும் சத்தம். லோரியின் முன்பக்கத்திலிருந்து.

தாமரை போய்க் கதவைத் திறந்தாள். இருக்கையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பாதி தின்ற பீசாங் கோரெங். மறு கையில், உறை கழற்றிய கேப்டன் முயல். அட்டையில் முயலின் கன்னத்தில் பளபளவென்று எண்ணெயால் ஒரு கட்டைவிரல் அடையாளம்.

“என் மக ஷாமினி,” என்றார் கமலநாதன். “சனிக்கிழமை ஆனா என்கூட வந்துடுவா. குடும்மா, அக்காவோட புத்தகம்.”

“முடியாது,” என்றாள் ஷாமினி. “முயல் இன்னும் பஸ்ஸுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு.”

“ஷாமினி!”

“அப்பா, நீங்கதான் கேட்டுட்டு எடுக்கிறீங்களே. ‘பேப்பர்… லாமா? எடுக்கலாமா?’ன்னு. அந்த ஆன்டிதான் எடுக்கலாம்னு குடுத்தாங்க.”

அம்மாதான் முதலில் சிரித்தார். இத்தனை நாளாக அந்த ஒலிபெருக்கி அனுமதி கேட்டுக்கொண்டு போகிறது என்றே ஷாமினி நினைத்திருந்தாள்.

தாமரை புத்தகத்தைப் பிடுங்கியிருக்கலாம். கை அதற்குத்தான் நீண்டது. ஆனால் ஷாமினி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கதையின் பாதியில் புத்தகத்தைப் பறிகொடுப்பது எப்படி இருக்கும் என்று தாமரைக்குத் தெரியும். கணக்குப் பாட நேரத்தில் அவளுக்கு அது நடந்திருக்கிறது.

“தள்ளி உட்காரு,” என்றாள். “முதல்ல கையைத் துடை. நான் படிக்கிறேன்.”

லோரிக்குள் வியர்த்து ஊற்றியது. தாமரை மீதிக் கதையைச் சத்தமாகப் படித்தாள். நகரத்தில் ஒரு கட்டடம் இடிந்து விழுகிறது. எல்லாரும் கத்துகிறார்கள். இடிபாட்டுக்குள் ஒரு சிறுவன் மாட்டிக்கொண்டிருக்கிறான், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கேப்டன் முயல் பஸ்ஸுக்கு அடியிலிருந்து நடுங்கிக்கொண்டே வெளியே வருகிறார். “தயவுசெய்து கொஞ்சம் அமைதியா இருங்க,” என்கிறார். கண்ணை மூடுகிறார்.

தாமரையும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள் ஷாமினி.

“அப்புறம் கேக்குது. சின்னச் சத்தம்.”

படத்தில் இந்த இடத்தில் லேசர் வரும். ஒரே வெட்டு, சுவர் பிளந்துவிடும். அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள், தாமரையும்தான். ஆனால் எந்தச் சுவரை வெட்டுவது என்று லேசருக்கு எப்படித் தெரிந்தது?

கதை முடிந்ததும் ஷாமினி புத்தகத்தைத் தானாகவே நீட்டினாள். தாமரை பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய இதழ் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

“இது லாமாவா?” என்று கேட்டாள் ஷாமினி.

“ஆமா. ரொம்ப நல்ல லாமா.”

வீட்டுக்கு வந்தபின் தாமரை அட்டையைத் துணியால் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை. அவளிடம் நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தது. சரியாகக் கன்னத்தில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கரை உரித்து விரலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் தன் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிவிட்டாள்.

பிரவின் வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தாமரை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மூச்சு விட்டால் தைரியம் போய்விடும் என்று பயம்.

பிரவின் புத்தகத்தை வாங்கினான். கன்னத்து அடையாளத்தைப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

“பீசாங் கோரெங்கா?”

“ம்.”

“உறை?”

“அவ கழட்டிட்டா. எங்க போட்டாள்னு தெரியல.”

“உன்கிட்ட குடுத்திருக்கவே கூடாது.” அவன் காது சிவந்திருந்தது. தாமரை அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் கரண்டிச் சத்தம்கூட வராமல் நின்றார்.

பிரவின் பக்கங்களைப் புரட்டினான். ஒன்றும் கிழியவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினான்.

“அந்தச் சின்னப் பொண்ணு சிரிச்சான்னு சொன்னியே. எங்க சிரிச்சா?”

“முயல் பஸ்ஸுக்கு அடியில ஒளிஞ்சு, வால் மட்டும் வெளிய தெரியுமே, அங்க.”

பிரவினின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. “நானும் அங்கதான் சிரிச்சேன்.”

பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டான். “லேசர்?”

“வேணாம்,” என்றாள் தாமரை. “காதே போதும்.”

பிரவின் பையைத் தரையில் வைத்தான். அம்மா ஒரு தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்தார். புத்தகத்தை எட்டாத உயரத்தில், அலமாரி மேல் வைத்துவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அப்போது தாமரை சட்டென்று தலையைத் தூக்கினாள். பிரவினுக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. சற்றுப் பிறகு அவனுக்கும் கேட்டது. வேலை முடிந்து திரும்பும் லோரி, கீழே தெருவில்.

“பேப்பர்… லாமா…”

முறுக்கைக் கையில் பிடித்தபடியே இருவரும் ஓடிப்போய் சிவப்பு எழுத்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரே குரலில் கத்தினார்கள்:

“கூடாது!”