மண்ணெண்ணெய் வண்டி

ஜவ்பர் நானாவின் லொறி எத்தாளைச் சந்தியில் திரும்பிய சத்தத்திலேயே றொபின்சனின் மனைவி றோசாவுக்கு விளங்கிவிட்டது. "வருகுது உங்கட அடுத்த பிணம்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. பகலில் ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் படகு எஞ்சின்களோடு மாரடிக்கும் றொபின்சனுக்கு, மாலையில் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் உலகம். அதற்கு அவன் வைத்த பெயர் கராஜ். ஊராரின் வண்டியை அங்கே திருத்துவதில்லை. செத்துத் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்களை வாங்கி, ஆற அமரக் கழற்றிப் பூட்டி, ஒருநாள் உதைத்துப் பார்ப்பான். எஞ்சின் பிடித்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறும் வேண்டாம். குசினிக் கூரை ஒழுகும், கராஜ் கூரை ஒழுகாது. இதைச் சொல்லிக்காட்டாமல் றோசா ஒரு மழைகாலத்தையும் விட்டதில்லை.

லொறியிலிருந்து இறங்கியது பழைய சீ.டி. நைன்ரி மோட்டார் சைக்கிள் ஒன்று. சக்கரம் இல்லை, சீற் இல்லை, பச்சை பெயின்ற் தடிப்பாகப் பூசியிருந்தது.

"எங்க எடுத்தீங்க நானா?"

"மன்னார்ப் பக்கம், கரையில ஒரு மீன்வாடி. போட் ஓட்டின மனிசன்ட. ஆள் மவுத்தாப் போயிட்டாரு, மகன் பழைய இரும்புன்னு தந்தான்." தொண்ணூறில் மன்னாரை விட்டு வெறுங்கையோடு வந்து தில்லையடியில் குடியேறிய ஜவ்பர், சண்டை முடிந்தபின் அங்கேயே போய்ப் பழைய இரும்பு ஏற்றி வந்து விற்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்டு சொல்லோணும். மாசக்கணக்கா எங்கட முத்தத்தில வெயில்ல கெடந்திச்சு. மண்ணெண்ணெ வாசம் போகல்ல. டாங்கில ஒரு சொட்டும் இல்ல. வீட்டில புள்ளைகள் பயப்புடுதுகள்."

"இரும்பு வாசத்தைக் குடிச்சிருக்கும் நானா," என்று றொபின்சன் சிரித்தான்.

சிரித்தானே தவிர, அந்த வாசம் அவனை எங்கோ கொண்டுபோய்விட்டது. வடக்கில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி உதைக்க வேண்டும், பிடித்தபிறகு மண்ணெண்ணெயே போதும். அந்தச் சில துளிகளைக் கண்மருந்துக் குப்பியில் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். குப்பி பின்னால் இருப்பவனின் பொறுப்பு. வண்டி நின்றால் அவன் இறங்கிப் பீச்சுவான், முன்னால் இருப்பவன் உதைப்பான். ஆகவே வழியில் ஒருவரும் எஞ்சினை நிறுத்துவதில்லை. தெரிந்தவரைக் கண்டால் அதை ஓடவிட்டபடியே கதைப்பார்கள்.

தம்பி லூக்காஸ் அந்தக் குப்பியைக் கயிற்றில் கட்டிச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தான். "மாதாவையும் பெற்றோலையும் ஒண்டாக் கட்டாதை," என்று அம்மா ஏசுவாள்.

சண்டைக்குத் தப்பி, மன்னார்க் கரையிலிருந்து அம்மாவையும் தங்கை மக்தலேனாவையும் போட்டில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு முதலில் வந்தவன் றொபின்சன். தன் மோட்டார் சைக்கிளைத் தம்பியிடம் விட்டு வந்தான். லூக்காசும் அவனுடைய உயிர்ச் சிநேகிதன் குரூசும் பின்னால் வருவதாகப் பேச்சு.

வந்தது குரூஸ் மட்டுந்தான்.

"ஆமி அடிச்ச செல் விழுந்தது. வண்டியோட எரிஞ்சுபோனான். கிட்டப் போக ஏலாமல் கிடந்தது," என்று மணலில் விழுந்து அழுதான். அம்மா அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சாகும்வரை அவனைத் தன் பிள்ளை என்றே சொன்னாள். மக்தலேனாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள் சொல்லித்தான். இப்போது குரூஸ் இதே ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறான். மாலையில் கராஜுக்கு வந்து றொபின்சனுக்கு ரோர்ச் லைற் பிடிப்பான். கார்த்திகை பிறக்குமுன் வரும் கல்லறைத் திருநாளில், கல்லறை இல்லாத ஆத்துமாக்களுக்காகச் சேமக்காலையின் பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவது வழக்கம். லூக்காசின் திரியை ஒவ்வொரு வருடமும் கொளுத்துவது குரூஸ். அண்ணன்காரனைக்கூட விடமாட்டான்.

சீ.டி. நைன்ரி மெல்ல மெல்ல எழுந்தது. சக்கரம் வந்தது, சீற் வந்தது. பின்பக்க ஸ்பிறிங் இரண்டும் உக்கிப்போயிருந்ததால் புதிதாக வாங்கிப் பூட்டினான். சைட் ஸ்ராண்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வேலையால் வந்து பார்த்தால், வண்டியின் பின்பக்கம் பதிந்து கிடந்தது.

ஸ்பிறிங் கூடாத சாமான் என்று கடைக்காரனை ஏசிக்கொண்டு சீற்றைப் பிடித்துத் தூக்கினான். எழும்பவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினான். பாரமாக இருந்தது. கையை விட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கையில், அது தானாக உயர்ந்தது.

எலி ஓடும் சத்தம்கூட இல்லை. வெளியே தென்னோலையில் மழை தூறிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் கண்முன்னாலேயே மறுபடி இறங்கியது. ஒரே அமுக்காக அல்ல. காலில் காயம் பட்டவன் பார்த்துப் பார்த்து ஏறி இருப்பதைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக.

மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது.

"மச்சான்!"

றொபின்சன் துள்ளித் திரும்பினான். வாசலில் ரோர்ச்சோடு குரூஸ்.

"என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? மண்ணெண்ணெய் மணக்குது."

"எஞ்சின் கழுவினனான்," என்று ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. "ஜவ்பர் நானா மன்னாரில இருந்து கொண்டுவந்தது. போட்காரர் ஒருத்தற்ர வாடியில கிடந்ததாம்."

குரூசின் கையிலிருந்த வெளிச்சம் வண்டியின்மேல் ஒருமுறை ஓடி நிலத்துக்கு இறங்கியது.

"உது சரிவராது. பழைய இரும்புக்கே குடுத்துவிடு."

அன்றுதான் முதல்முறையாக அவன் கராஜுக்குள் கால் வைக்காமல் போனான்.

றொபின்சன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குந்தினான். எதைத் தேடுகிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, இருக்கக்கூடாது என்று மாதாவைக் கும்பிட்டபடியே சுரண்டினான். பின்னால் இருப்பவன் கால் வைக்கும் கட்டை. பச்சைக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே இரும்பு. வலதுபக்கக் கட்டை கொம்பனி போட்டதல்ல. கட்டடக் கம்பியை வளைத்து ஒட்டியது. ஒட்டு கோணல்மாணலாக, புழுப் புழுவாக இருந்தது. வெல்டிங் பழகிய புதிதில் தான் செய்த முதல் ஒட்டை எவன் மறப்பான்?

எரிந்துபோன வண்டி எரியவே இல்லை.

வண்டியின் பக்க மூடியைத் திறந்தான். ஸ்பானர் சாவிகள் வைக்கும் தகரப் பெட்டிக்குள் எண்ணெய்ச் சீலை ஒன்று, அதற்குள் ஒரு கண்மருந்துக் குப்பி. குப்பியில் கயிறு. கயிற்றில் செபமாலையின் சில மணிகள். கயிறு அறுந்திருக்கவில்லை, கத்தியால் வெட்டப்பட்டிருந்தது.

றொபின்சன் வெறுநிலத்தில் இருந்துவிட்டான். அழுகை வரவில்லை. அம்மாவின் மடியில் குரூஸ் தலைவைத்துக் கிடந்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது. தங்கையைக் கையில் பிடித்துக் கொடுத்தவன் தானேதான். கேட்டால் அவள் குடும்பம் உடையும். கேட்காவிட்டால் தம்பி கிடக்கிற இடம் ஒருநாளும் தெரியவராது.

கல்லறைத் திருநாள் வரை பொறுத்தான். அன்று மாலை சேமக்காலையில் குரூஸ் வழமைபோல முன்னுக்குப் போய்த் திரியைக் கொளுத்திச் சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணைக்கூடத் துடைத்தான். அதற்குமேல் றொபின்சனால் ஏலவில்லை. மக்தலேனாவைப் பிள்ளைகளோடு வீட்டுக்கு நடக்கவிட்டு, "மச்சான், கராஜ் பக்கம் ஒருக்கா வா," என்றான்.

குரூஸ் தன் புது மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. றொபின்சன் குப்பியை மேசையில் வைத்தான்.



"எரிஞ்சுபோனான் எண்டு சொன்னனி," என்றான் றொபின்சன்.

"மச்சான்..."

"செத்த பிறகோ இதை வெட்டினனி?"

குரூஸ் குப்பியைத் தொடாமல் பின்னுக்கு நகர்ந்தான். "செல் விழுந்தது உண்மை. அவனுக்குக் காலில பட்டது. இரத்தம் நிக்கேல்ல. போட்டில ஒரு ஆளுக்குத்தான் இடம், வண்டியைத் தந்தால் ஏத்துறன் எண்டான் போட்காரன்."

"அவன்?"

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லி இருத்தினனான். குப்பியைக் கேட்டன். தரமாட்டன் எண்டு கையுக்க பொத்திக்கொண்டிருந்தவன்."

குப்பி இல்லாமல் வண்டி பிடிக்காது. வண்டி பிடிக்காவிட்டால் குரூசால் அவனை விட்டுவிட்டுப் போக ஏலாது. அது லூக்காசுக்குத் தெரிந்திருக்கிறது.

"தண்ணி கேட்டவன்," என்றான் குரூஸ்.

"எங்க விட்டனி?"

"இடம் மறந்துபோச்சு."

"சொல்லடா!"

"மறந்துபோச்சு எண்டுறன்!"

கிறீச்.

சீ.டி. நைன்ரியின் பின்பக்கம் எழும்பியது. அது எழும்பியதை இருவரும் பார்த்தார்கள்.

யாரோ இறங்கிவிட்டிருந்தார்கள்.

சீமெந்து நிலத்தில் ஒரு காலடி. பிறகு ஒரு இழுவை. ஒரு காலடி. ஒரு இழுவை. மண்ணெண்ணெய் வாசம் றொபின்சனின் முகத்தைக் கடந்து வாசல் பக்கம் போனது.

குரூஸ் ஓடினான். வெளியே பாய்ந்து ஏறி, பொத்தானை அமுக்கி, வண்டியை ஒழுங்கைக்குள் விட்டான். றொபின்சன் வாசலுக்கு வந்து பார்த்தபோது, அந்தப் புது வண்டியின் பின்பக்கம் நன்றாகப் பதிந்திருந்தது.

கராஜுக்குள் வாசமே இல்லை.

அவன் அங்கேயே நின்றான். கைத்தொலைபேசி அடித்தது. மக்தலேனா.

"அண்ணா, இவர் படலையடியில வந்து நிக்கிறார். வண்டியை நிப்பாட்டுறாருமில்லை, இறங்குறாருமில்லை. கூப்பிட்டால் பேச்சில்லை. பின்னால ஆரை ஏத்தி அனுப்பினனி?"

றொபின்சன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"குனிஞ்சுகொண்டிருக்கு, முகம் தெரியேல்ல. பொடியன் மாதிரிக் கிடக்கு. தண்ணி கேக்குது, அண்ணா. குடுக்கவோ?"

"குடு பிள்ளை," என்றான். "நல்லாக் குடு."

அவன் ஒழுங்கை நெடுக ஓடினான். படலையடியில் மக்தலேனா வெறும் செம்போடு நின்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பதான் வாங்கிக் குடிச்சது. எங்க போச்சு?" செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவளுடைய கை மண்ணெண்ணெய் மணத்தது.

குரூஸ் கைபிடியை இறுகப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு இருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவனை இறங்கச் சொல்லு மச்சான்," என்று முணுமுணுத்தான். "சொல்லுறன். எல்லாம் சொல்லுறன். கரைக்குப் போற றோட்டில மாதா சுருவம் இருக்குமெல்லே, அதுக்குப் பின்னால பாலைமரம். அதில சாய்ச்சு இருத்தினனான் லூக்காசை. உயிரோட இருந்தவன். நான் வண்டியை எடுக்கேக்கையும் கூப்பிட்டவன்."

மக்தலேனா கேட்டுக்கொண்டு நின்றாள். செம்பை மெதுவாக மதிலில் வைத்தாள். புருசனைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் படலையைச் சாத்தி உட்பக்கமாகக் கொண்டி போட்டாள்.

இடம் தெரிந்துவிட்டது. விடிந்ததும் ஜவ்பர் நானாவின் லொறியில் போகலாம், குருவானவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த நினைப்போடு றொபின்சன் கை நீட்டி, வண்டியின் சாவியைத் திருகி உருவி எடுத்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

பின்பக்கமும் எழும்பவில்லை.