நாச்சியப்பனுக்கு நாச்சியப்பன் எடுத்த விழா

காரைக்குடி செக்காலை ரோட்டில் ரவிக்குமாரின் ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் அச்சாகும். காது குத்திக்கொள்ளும் குழந்தையின் படம் தபால்தலை அளவில் இருக்கும். தாய்மாமன்மார் ஆள் உயரத்தில் நிற்பார்கள். அது ஊர் வழக்கம்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்த கீர்த்தி, அப்பாவின் கணினித் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு.

திரையில் ஒரு பேனர். ‘அடக்குமுறைக்கு அஞ்சாத அயல்நாட்டு ஓவியருக்கு மாபெரும் பாராட்டு விழா’ என்று எழுதி, அந்த ஓவியரின் முகத்தை அம்மிக்கல் அளவில் போட்டிருந்தது. ஓரத்தில் கைகூப்பி நின்றவர் ‘கலைக்காவலர், சித்திரச் சிங்கம், தூரிகைத் தோழர்’ நாச்சியப்பன்.

நாச்சியப்பன் ஊர் ஓவியர் சங்கத்தின் தலைவர். அவர் கடைசியாகத் தூரிகையைத் தொட்டது வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தபோது. ஆனாலும் மனிதர் கெட்டவர் இல்லை.

அந்த ஓவியரின் பெயரையும் நாட்டையும் இந்தக் கதையில் சொல்வதாக இல்லை. பிள்ளைகள் அவரைச் சித்திரக்கா என்றார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

சித்திரக்கா தன் நாட்டுத் தலைவரைப் பூசணிக்காயாக வரைந்து பத்திரிகையில் போட்டார். நாடே சிரித்தது. பூசணிக்காய்க்குக் கோபம் வந்து, பிடித்துவர ஆள் அனுப்பியது. சித்திரக்கா ஒற்றைப் பையோடு தப்பினார். ஓர் ஊரில் நாடகக்காரர்கள் ஒளித்து வைத்தார்கள். அடுத்த ஊரில் பாட்டுக்காரர்கள் சோறு போட்டார்கள். அதற்கடுத்த ஊரில் சிற்பிகள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறிக் காரைக்குடிக்கு வந்தவருக்கு நாச்சியப்பன் தன் பெரிய வீட்டின் மாடியைத் திறந்துவிட்டார். ஞாயிறுதோறும் அங்கே அவர் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார்.

போன ஞாயிறு வகுப்பில் கீர்த்தி அவரைப் போட்டோ எடுக்கப் போனாள். சித்திரக்கா சட்டென்று நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் கற்ற அரைகுறைத் தமிழில் சொன்னார்.

“வேண்டாம், கண்ணு. தம்பி அங்க இருக்கான். போலீஸ் தினம் கேக்குது, அக்கா எங்கே. தம்பி சொல்றான், தெரியாது. நெஜமா தெரியாது, நான் சொல்லல. போட்டோ வந்தா நம்ப மாட்டாங்க. அடிப்பாங்க.”

கீர்த்தி அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அப்பா, இத அடிக்காதீக. அவுக மூஞ்சி வெளிய தெரியக்கூடாது.”

“படத்தக் குடுத்ததே தலைவருதான், தாயி.”

“அவுகளுக்குத் தெரியாம எடுத்துருக்காரு. பாருங்க, அவுக கேமராவப் பாக்கவே இல்ல.”

ரவிக்குமார் தலையைச் சொறிந்தார். “நான் அடிச்சுக் குடுக்குறவன். தலைவரு சொன்னாத்தான் மாத்த முடியும். இந்தா புரூஃபு. கையெழுத்து வாங்கணும், நீயே கொண்டுக்கிட்டுப் போ.”

நாச்சியப்பன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, சித்திரக்கா படம் வேணாம்யா. அவுக வீட்டுக்கு ஆபத்து.”

“ஆபத்தா? அந்த நாடு எங்க இருக்கு, செக்காலை ரோடு எங்க இருக்கு? பூசணிக்கா பஸ் ஏறி வந்துருமா? இது அவுகளுக்கு நம்ம குடுக்குற இன்ப அதிர்ச்சி. நீ சின்னப்புள்ள, ஒனக்குத் தெரியாது.”

மேலே பேசவிடாமல் அவருக்கு ஒரு போன் வந்தது. பொன்னாடை பச்சையா சிவப்பா என்று பத்து நிமிடம் பேசினார். கீர்த்தி அதுவரை புரூஃபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனை வைத்ததும், “ஐயா, ஒங்க படம் சின்னதா இருக்கே” என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டினார். “ஆமா ஆத்தா. கட்டைவிரல் தண்டிதான் இருக்கு.”

“பட்டமும் மூணுதான். ‘வண்ண வேந்தர்’ விட்டுப்போச்சு.”

“ஒங்கப்பன் ஏன் விட்டான்?”

“எடம் இல்லையாம். அக்கா படத்த எடுத்துட்டா எல்லாம் புடிக்கும். நீங்க முழு உருவமா நிக்கலாம். செருப்போட.”

செருப்பு என்றதும் நாச்சியப்பன் பேனாவைத் திறந்துவிட்டார். சித்திரக்காவின் படத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் போட்டார்.

கீர்த்தி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவர் சொன்னார்: “சரி, பேனர்ல நான். அவுக படத்த இப்பவே ஃபேஸ்புக்ல போட்டுர்றேன். அங்க எடத்துக்குப் பஞ்சமே இல்ல. நாலாயிரம் பேரு பாக்குறாக.”

தந்திரம் தலைகுப்புற விழுந்தது. இனி உள்ளதைச் சொல்வதுதான் வழி.

“ஐயா, ஒங்களுக்குத் தம்பி இருக்காகளா?”

“இருக்கான், கோயம்புத்தூர்ல. ஏன்?”

“அக்காவுக்கும் இருக்காரு. அங்குட்டே மாட்டிக்கிட்டாரு. அக்கா எங்கன்னு தெனம் கேக்குறாகளாம். தெரியாதுன்னு சொல்லித்தான் தப்பிச்சுக்கிட்டிருக்காரு. நீங்க படத்தப் போட்டா நாலாயிரம் பேரு மட்டுமா பாப்பாக?”

நாச்சியப்பன் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு கீர்த்தியிடம் நீட்டினார்.

“இத எப்புடி அழிக்கிறது ஆத்தா?”

கீர்த்தி அழித்தாள். “குப்பைத் தொட்டியில இன்னும் கெடக்கும்யா. அங்கயும் அழிக்கணும்.” அங்கேயும் அழித்தாள்.

“அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கணும் நான்” என்றார் அவர். பிறகு நெற்றியைத் தடவினார். “மண்டபம் சொல்லியாச்சு. பத்திரிகைக்காரருக்கும் சொல்லியாச்சு. இப்ப யாருக்கு விழா எடுக்குறது?”

கீர்த்தி புரூஃபைத் திருப்பிக் காட்டினாள். அதில் மீதி இருந்தது ஒரே ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் பேனர் ஏறியது. ‘வண்ண வேந்தர் நாச்சியப்பனுக்கு மாபெரும் பாராட்டு விழா. அனைவரும் வருக. இவண், நாச்சியப்பன்.’

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. “மாலையும் அவரே வாங்கியாந்துட்டாராம். போட்டுவிடத்தான் ஆளு தேடுறாராம்” என்றார் டீக்கடைக்காரர். நாச்சியப்பன் காதிலும் அது விழுந்தது. காது சிவந்ததே தவிர, அவர் வாய் திறக்கவில்லை.

விழாவில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். நடுவில் சித்திரக்காவும் குனிந்து உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தார்.

“வெளிநாட்டு ஓவியர்னு சொன்னீகளே ஐயா, எங்க அவுக?”

சித்திரக்காவின் பென்சில் நின்றது. அவருக்கும் கேமராவுக்கும் நடுவே நாலே எட்டுத் தூரம்தான்.

கீர்த்தி எழுந்திருப்பதற்குள் நாச்சியப்பன் குறுக்கே வந்து, பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றார்.

“வெளிநாடா? நான்தான் ரெண்டு தடவ பினாங்கு போயிருக்கேன்ல? அதத்தான் சொன்னேன். எடுங்க, நல்லா எடுங்க.”

பத்திரிகைக்காரர் பெருமூச்சு விட்டு அவரையே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பத்திரிகையில் ‘தனக்குத்தானே விழா எடுத்த தலைவர்’ என்று பெட்டிச் செய்தி வந்தது.

அடுத்த ஞாயிறு, வகுப்புக்கு நடுவில், நண்பர் ஒருவர் வழியாகச் சித்திரக்காவுக்குச் சேதி வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். கீர்த்தியிடம் சொன்னார். கீர்த்தி படிகளில் தடதடவென்று இறங்கி முற்றத்துக்கு ஓடினாள். நாச்சியப்பன் அந்தப் பெட்டிச் செய்தியை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அவுக தம்பி நல்லா இருக்காராம். பழைய கேள்வியேதானாம், புதுசா எதுவும் கேக்கலையாம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்யா.”

நாச்சியப்பன் பத்திரிகையை மடித்து நாற்காலிக்குக் கீழே போட்டார்.

“அப்பச் சரி. ஊரு இன்னும் ஒரு மாசம் சிரிச்சுக்கிடட்டும்.”