இன்னும் மூடலை

போன மாதம் ஒரு மத்தியானம் என் மகள் அவள் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்களாம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிக்கொடுக்க.

"எந்த ரூம்?" என்றேன்.

"வந்துதான் பாருங்களேன்."

மாடிப்படிக்குப் பின்னால் திரும்பியதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த காடி வாசனை. எத்தனை பூச்சுப் பூசினாலும் போகாது அது.

என் பழைய இருட்டறை.

நான் ஏழாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். ஸ்டூடியோவில் கிடந்தவனை இந்தப் பள்ளிக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடு என்றார்கள். போனேன். ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. 'படம் சார்' என்று பேர் வைத்தார்கள். அந்த 'சார்' வரும்போது மட்டும் வாயைக் கோணுவார்கள். நானும் அவர்களை நம்பவில்லை. கேமரா பொய் சொல்லாது என்பார்களே, நான் கேமராவையே நம்பாதவன்.

பிள்ளைகள் எடுத்த ஃபிலிமைக் கேமராவிலிருந்து உருவி, சுருளில் ஏற்றி, டப்பாவில் போட்டு மூடியைத் திருகும்வரை சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில் கைத்தடவலாகத்தான் செய்ய வேண்டும். ஒருவன் டப்பா திறந்திருக்கும்போது வெளிச்சம் பட்டால் அவன் பாடுபட்டு எடுத்ததெல்லாம் பாழ். அதனால் ஒரு விதி வைத்திருந்தேன். சுவிட்சைத் தொடும் முன் "மூடியாச்சா?" என்று கேட்பேன். ஒவ்வொருவரும் "மூடியாச்சு சார்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவன் "இன்னும் மூடலை" என்றாலும் மொத்தப் பேரும் நிற்க வேண்டும்.

ஒரு நாள் எல்லோரும் சொல்லி முடித்தார்கள். சுவிட்சில் கை வைத்தேன்.

"இன்னும் மூடலை சார்."

தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. சின்னக் குரல். பையனா பெண்ணா தெரியவில்லை. விரல் நடுங்குகிற பிள்ளை, திட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சுவதுபோல் இருந்தது.

"டேய், யாருடா அது? மணி அடிச்சாச்சு. கணக்கு டீச்சர் தோலை உரிச்சிருவாங்க!"

"நான் இல்லடா. தொட்டிக்கு அடியில போய் நான் என்ன முட்டையா போடப்போறேன்?"

சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஒரு பூனை படுக்கக்கூட இடமில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

நான் பதில் பேசவில்லை. இருட்டறைக்கு உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று, நடுவில் இருட்டாக ஒரு சந்து. ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறந்தால் உள்ளே துளி வெளிச்சம் போகாது. அப்படியே பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். விளக்கைப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. நான் முதலில் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டேன். தலையைத் தொட்டு எண்ணி உள்ளே விட்டேன். அறிவியல் சார் எங்கேயோ ரேடியோவை ஒளித்து வைத்திருக்கிறார் என்று தொட்டியடியைக் குடைந்தேன். கடைசியில் என் காதையே சந்தேகப்பட்டேன். அந்தப் பள்ளியில் ஏதாவது பிள்ளை செத்ததா என்றுகூட விசாரித்தேன். யாரும் சாகவில்லை. செத்திருந்தால் இன்னார்தான் என்று ஒரு நிம்மதியாவது இருந்திருக்கும்.

பெரியவர்களிடம் சொல்லாமல் இருந்தேனா? சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான்.

"படம் சார், பசங்களுக்குப் பூச்சாண்டி காட்டுறதே நீங்கதான்னு கேள்விப்பட்டேன்" என்றார் அறிவியல் சார். "நானே வந்து பாத்துடறேன்."

வந்தார். பிள்ளைகள் ஃபிலிம் ஏற்றினார்கள். நான் கேட்டேன். எல்லோரும் சொன்னார்கள்.

"இன்னும் மூடலை சார்."

"மூடலைன்னா என்ன, குடி முழுகிப் போச்சா?" என்று என் கையைத் தட்டிவிட்டு அறிவியல் சாரே சுவிட்சைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். தொட்டிக்கு அடியில் ஒருவருமில்லை.

அறிவியல் சார் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார்.

"என்ன படம் சார்," என்றார், "பல்பு ஃபியூஸா?"

அன்றோடு சரி. அந்த மனிதருக்கு வெளிச்சம் திரும்பவே இல்லை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். பள்ளிக்கூடம் என் மருந்துத் தண்ணீர்மேல் பழியைப் போட்டது. வகுப்பை மூடி, அறைக்குப் பூட்டுப் போட்டு, எனக்கு ஓய்வு என்று எழுதினார்கள். விரட்டினார்கள் என்பதுதான் சரி. அறிவியல் சார் இன்றைக்கும் உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "லைட்டைப் போடும்மா" என்று மனைவியிடம் சொல்வாராம்.

இதையெல்லாம் என் மகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் அந்தக் கதவுமுன் நின்று சொன்னேன்.

"அப்பா, பெயிண்ட் அடிக்கிறவங்க அத்தனை நாள் உள்ள இருந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ரெண்டு கதவுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்துட்டுத்தானே இருந்தாங்க? இருட்டுல நின்னாங்களா?"

"ஜன்னல் வைக்கப்போறாங்கப்பா. உள்கதவையும் கழட்டச் சொல்லியிருக்கேன்."

"அதெல்லாம் ஆனதும் உள்ள போ. இப்ப வேண்டாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. "இந்த ஸ்கூல்ல எனக்கு என்ன பேர் தெரியுமா? பேய் சார் பொண்ணு. என்னிக்காவது எனக்கு ஒரு ரூம் குடுத்தாங்களா? இப்பதான் குடுத்திருக்காங்க. இதையும் கெடுத்துடாதீங்க."

விறுவிறு என்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பெயிண்ட் ஆட்கள் போகும்போது செங்கல்லையும் எடுத்துப் போய்விட்டார்கள். வெளிக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு உள்கதவு.

இருட்டு.

அவள் கை சுவரைத் தடவுவது கேட்டது.

"தொடாதே!"

"அப்பா, சும்மா..."

"நான் கேக்கறேன். பதில் சொல்லிட்டு அப்புறம் தொடு. மூடியாச்சா?"

"மூடியாச்சு. போதுமா?"

சொட்டு, சொட்டு என்று தண்ணீர் விழுந்தது. அந்தக் குழாயை அறுத்துப் போட்டுப் பல காலம் ஆயிற்று.

"இன்னும் மூடலை சார்."

நான் அவள் கையைத் தேடினேன். கிடைப்பதற்குள் அந்தப் பெண் ஒரு காரியம் செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? தினம் தினம் மந்தமான பிள்ளைகளோடு இருக்கிறவள். பயந்த குரல் கேட்டால் அவள் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"பரவாயில்லை கண்ணு," என்றாள் மெதுவாக. "அவசரம் இல்லை. நான் காத்திருக்கேன்."

அத்தனை வருஷம் நான் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஒரு வார்த்தை.

சொட்டுச் சத்தம் நின்றது.

"சரி டீச்சர்."

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து, வராந்தா வெளிச்சத்தில் வந்து விழுந்தோம். அவளுக்குக் கண் தெரிகிறதா என்று முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். தெரிந்தது.

"ஏன் பேசினே? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஏன் வாயைத் திறந்தே?"

"சின்னப் பிள்ளைப்பா அது."

"நீ பாத்தியா? பாத்தியா நீ?"

மறுநாளே ஜன்னல் இருக்கிற அறை வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டாள். விட்டது சனி என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் பொழுது சாயும் நேரம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். வழக்கம்போலக் கதவோரச் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"இன்னும் மூடலை டீச்சர்."

சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து.

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. வாசனையும் வந்தது. புளித்த காடி.

"வா, வெளியே போயிடலாம்" என்றேன்.

"எத்தனை வீட்டுக்குப்பா ஓடுறது?" பையைக் கீழே வைத்தாள். "காத்திருக்கேன்னு நான்தானே சொன்னேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிறான். ஆமாம் என்கிறேன். வேறு என்ன சொல்ல? யார் நம்பினார்கள் இதுவரை? தினமும் அந்தி நேரத்தில் என் மகள் சுவரோரம் நின்று, "மூடியாச்சா கண்ணு?" என்று கேட்கிறாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், கேட்காதே என்று அவள் வாயைப் பொத்திக்கூடப் பார்த்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறாள். பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள்.

குரல் இப்போது சமையலறையில் இல்லை. கூடத்துக்கு வந்துவிட்டது. நேற்று அவள் காலடியில் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்தான் டீச்சர்."

இன்று காலை வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. எழுந்து வந்த என் மகள் வாசற்படியில் நின்று சுவரைத் தடவினாள்.

"ஏம்ப்பா ஜன்னலையெல்லாம் சாத்திட்டீங்க? மங்கலா இருக்கே."

எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தன.